கூத்தப்பாக்கம் சொந்தங்கள்

நிலா: மாமா, நான் குடுத்த வாழ்க்கைத் தரக் கணக்கெடுப்பு ஃபார்ம் வந்துச்சு. ஆனா கையெழுத்து அத்தையோடது மாதிரி இருக்கே 🤔

வசந்தி அத்தை: நான்தாம்மா எழுதுனேன். அவரப் பத்தி எனக்குத் தெரியாததா?

நிலா: அய்யோ அத்த, அதான் கூடாது. வாழ்க்கைத் தரத்த அவங்கவங்களையேதான் கேக்கணும். கூட இருக்கறவங்க போட்டா பெரும்பாலும் மார்க்கு குறைஞ்சுதான் விழும். மொத கேள்வியிலயே 5க்கு 2 போட்டிருக்கீங்க.

சேகர் மாமா: 2ஆ? அடிப்பாவி 😂 நான் 4 போடுவேன்

வசந்தி அத்தை: பலா மரத்துலேர்ந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாம கெடக்கறவருக்கு 4ஆ?

சேகர் மாமா: எங்க கெடக்கறேன்? கல்லாவுல உக்காந்திருக்கேன்.

கலா: தம்பி நம்ம மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றான்.

நிலா: இல்லம்மா, வெளிநாட்டுலயும் இதே கததான். 1999ல ஆல்பிரெக்ட், டெவ்லீகர்னு ரெண்டு பேரு எழுதியிருக்காங்க. பெரிய ஊனம் உள்ளவங்கள்ல பாதிக்கு மேல நல்லாத்தான் இருக்கோம்னு சொன்னாங்களாம். பாக்கறவங்கதான் நம்பல.

பிரபு: முன்னாடி ஒரு ஃபார்ம்ல ஒரு மைலுக்கு மேல நடக்க முடியுதா, மாடி ஏற முடியுதான்னு கேட்டிருந்தாங்களே. சித்தப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு.

நிலா: அது எஸ்எஃப்-36. பொதுவா எல்லாருக்கும் போட்டது. வீல்சேர்ல இருக்கறவங்க அந்தப் பகுதியில ஃபெயிலுதான். இப்ப குடுத்தது உலக சுகாதார நிறுவனத்தோடது, 26 கேள்வி. அத உருவாக்குன ஊர்கள்ல நம்ம சென்னையும் ஒண்ணு. இதுல நடக்கறதப் பத்தியே பேச்சில்ல. எவ்வளவு நல்லா போய் வர முடியுதுன்னுதான் கேக்கும்.

சேகர் மாமா: எந்த ஊருல போய் வர்றதுன்னு சொல்லாம எப்படிம்மா மார்க் போடறது? பாண்டி பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டி விடமாட்டான். காந்தி சிலைலேர்ந்து நானே தள்ளிக்கிட்டு ஜாலியா போவேன். அங்க 5. நம்ம தேவனாம்பட்டினத்துல மணல்ல முன்சக்கரம் புதைஞ்சுடும், பிரபு வந்து தூக்கணும். அங்க 1. பஸ்ஸுக்கு அந்த 1 கூட கெடையாது. முதுகு என்னமோ ரெண்டு ஊருலயும் அதே முதுகுதான்.

நிலா: அதுக்குத்தான் மாமா சூழல்னு தனிப் பகுதி வச்சிருக்காங்க. உடம்பு, மனசு, உறவு, சூழல் நாலுக்கும் தனித்தனி மார்க். பஸ்ஸுக்கும் தனியா கேள்வி இருக்கு, அங்க திட்டித் தீத்துக்குங்க.

வசந்தி அத்தை: அப்ப குளிர்ஜுரம் வந்து யூரின்ல கிருமின்னு ஊசி போட்டமே, அது எங்க வரும்? 4 மணி நேரத்துக்கு ஒருக்கா யூரின் எடுக்க டியூப்பு, புண்ணு வரப்போவுது எம்பி உக்காருங்கன்னு நாள் பூரா நான் கத்தறது?

நிலா: ஜுரம் வராது அத்த. இது கடைசி 2 வாரத்தத்தான் கேக்குது, அது 3 வாரம் ஆயிடுச்சே. தண்டுவடம் அடிபட்டவங்களுக்குன்னே 2012ல ஒரு குட்டி ஃபார்ம் வந்துச்சு. மூணே கேள்வி, 0லேர்ந்து 10. அது 4 வாரத்தக் கேக்கும், அதுல மாட்டிக்கும். அனுப்பறேன். உங்க கஷ்டத்துக்கு வேற ஃபார்ம் அத்த, அதையும் கண்டிப்பா எடுப்பேன்.

சேகர் மாமா: அனுப்பு. ஜுரத்தையும் சேத்தா உடம்புக்கு 3. மனசுக்கு 8. மொத்தத்துக்கு இரு, யோசிக்கறேன்.

கலா: மனசுக்கு 8ஆடா?

சேகர் மாமா: அக்கா, நீ பஞ்சாயத்து வைக்காத.

நிலா: 21வது கேள்வி மட்டும் காலியா இருக்கு அத்த.

பிரபு: அது என்ன கேள்வி?

வசந்தி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிலா: பிரபு, நீ சும்மா இரு. மாமா, அது புருஷன் பொண்டாட்டி விஷயம். இந்த மாதிரி அடிபட்டா அதுவும் பாதிக்கும், டாக்டரே பல பேரு கேக்க மாட்டாங்க. நீங்களே எழுதி கவர்ல ஒட்டிக் குடுங்க, நான் பேரு போடாமத்தான் கணக்குல சேப்பேன்.

சேகர் மாமா: சரி பாப்பா. டேய் பிரபு, ஞாயித்துக்கெழம மண்டபத்துல ரெண்டு படி இருக்காமே?

பிரபு: ஆமா சித்தப்பா. மாடியில பழைய கதவு ஒண்ணு கெடக்கு, டாடா ஏஸ்ல போட்டு எடுத்தாறேன்.

சேகர் மாமா: நீளமானதா பாரு. சரிவு ஜாஸ்தியானா வண்டி பின்னாடி சாயும்.