சூடானால் நின்றுவிடும் பத்மினி
தாத்தாவின் 1986 பிரீமியர் பத்மினி கார், 1089 சிசி பெட்ரோல். 7 மாதமாக நானே பிரித்துச் சரிசெய்து வருகிறேன், ஊர் கோவை. காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிற வண்டி, 20 நிமிடம் டிராஃபிக்கில் ஓடியதும் இருமி இருமி நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறினால்தான் மறுபடி உயிர் வரும். டேங்க் துருவைக் கழுவியாச்சு, கார்புரேட்டர் சுத்தம், பாயின்ட், கண்டன்சர், பிளக் எல்லாம் புதுசு, அப்புறம் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பின் டயாஃப்ரமும் மாற்றினேன். நின்றதும் பம்ப் மேல் ஈரத்துணி போட்டதில் இரண்டு முறை கிளம்பியது, மூன்றாவது முறை ஏமாற்றிவிட்டது (பின்னால் ஹாரன் அடித்த பஸ்காரர் சாட்சி). ஸ்பார்க் மஞ்சளாக, மெலிதாகத் தெரிகிறது. பிளக்கில் ஸ்பார்க் வர மின்சாரம் தரும் காயிலில் கை வைக்க முடியாத சூடு, அதை மட்டும் இன்னும் மாற்றவில்லை. மெக்கானிக் எலக்ட்ரிக் பம்ப் போடச் சொல்கிறார், எனக்கு ஒரிஜினலைக் கெடுக்க மனசில்லை.

கோளாறு காயிலிலா, இல்லை பெட்ரோல் லைனில் ஆவி அடைக்கிறதா என்று வண்டி நின்ற இடத்திலேயே கண்டுபிடிக்க என்ன வழி?