லஃப்ராய்க் விஸ்கியில் ஆஸ்பத்திரி வாடை: கடலா, புகையா?

கோடம்பாக்கம் குமார்:

வணக்கம் மக்களே. மச்சான் லண்டனிலிருந்து வரும்போது லஃப்ராய்க் 10 வருஷ பாட்டில் ஒன்று வாங்கி வந்திருக்கிறான். மூடியைத் திறந்ததுமே வார்டு துடைத்த பினாயில், டிங்சர், கூடவே ஈர விறகுப் புகை என்று எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. சரக்கு கெட்டுப்போச்சா என்று கேட்டால் சிரிக்கிறான். ஸ்காட்லாந்தில் ஐலா என்ற தீவில் கடலை ஒட்டியே இருக்கிற வடிசாலையாம், கடல்காற்றும் உப்பும் பாசியும் பீப்பாய்க்குள் இறங்குவதால்தான் இந்த வாசம் என்கிறான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உண்மையில் இது எங்கிருந்து வருகிறது? இன்னொன்று, இந்த வாடையை வைத்துக்கொண்டு 200 வருஷம் எப்படிப் பிழைத்தார்கள்?

வாலைக்காரன்:

கெட்டுப்போகவில்லை குமார், அது அப்படித்தான் இருக்கும். கடல் கதை விளம்பரத்துக்கு நல்லது, அவ்வளவுதான். அதே தீவின் வடகிழக்கில் பூனஹாவென் என்று ஒரு வடிசாலை, அதுவும் தண்ணீர் ஓரம்தான். அவர்களுடைய வழக்கமான 12 வருஷ விஸ்கியை மோந்து பாருங்கள், டிங்சர் பக்கமே போகாது. மேற்கே புரூக்லாடியும் அப்படியே. கடல் எல்லாருக்கும் பொது, வித்தியாசம் பார்லியை எதன் புகையில் காயவைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

ஐலாவில் மரம் குறைவு, பீட் நிலம் ஏராளம். பீட் என்பது பாசியும் புல்லும் ஹெதர் செடியும் தண்ணீரில் ஊறி, முழுசாக மக்காமல், ஆயிரக்கணக்கான வருஷமாகப் படிந்த கறுப்பு மண். அதைக் கட்டி கட்டியாக வெட்டி உலர்த்தி எரிப்பார்கள், அந்தக் காலத்தில் வீட்டு அடுப்புக்கும் அதுதான். பார்லியை ஊறவைத்து, நம் ஊர்க் களத்தில் நெல் பரப்புவது போலத் தரையில் பரப்பி, புரட்டிப் புரட்டி விட்டு, ஐந்தாறு நாளில் முளை விட்டதும் சூளைக்கு ஏற்றுவார்கள். கீழே பீட் கனன்றுகொண்டிருக்கும். பார்லி ஈரமாக இருக்கும்போதுதான் புகை ஒட்டும், அதனால் லஃப்ராய்க்கில் சூடு அதிகம் ஏறாமல் முதலில் பல மணி நேரம் புகையை மட்டும் விட்டு, அப்புறம்தான் சூடான காற்றில் காயவைப்பார்கள்.

புகையில் வருவது பீனால் வகைச் சேர்மங்கள்: பீனால், கிரெசால், குவயாகால். கிரெசால்தான் அந்தக் கால லைசால் கிருமிநாசினியில் இருந்த சரக்கு. ஆக உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை, ஆஸ்பத்திரித் தரையில் மோந்த அதே குடும்பத்தைத்தான் பாட்டிலிலும் மோந்தீர்கள்! லஃப்ராய்க் மால்ட்டில், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியில், பீனால் அளவு பத்து லட்சத்தில் 40 முதல் 45 பங்கு. அரைத்து, வெந்நீர் விட்டு, ஈஸ்ட் போட்டு, ஊறல் பொங்கி, வடித்து முடிப்பதற்குள் அதில் கணிசமான பங்கு போய்விடும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. இரண்டாம் வடிப்பில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதைத்தான் பீப்பாய்க்கு எடுப்பார்கள். முன் வடியில் பழ வாசனைச் சேர்மங்கள், பீனால்களோ மெதுவாகப் பின்னால் வருபவை. லஃப்ராய்க்கில் முன் வடியை 45 நிமிஷம் ஒதுக்குகிறார்கள், அது மிக நீளம். பழ வாசனையில் நிறைய அங்கேயே கழிந்துவிடும், அப்புறம் புகை வரும் பக்கம் வரை பிடிக்கிறார்கள். பக்கத்து வடிசாலையான ஆர்ட்பெக் மால்ட்டில் பீனால் இதைவிட அதிகம், ஆனாலும் மருந்து வாடையில் லஃப்ராய்க்கை மிஞ்ச முடியாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பழைய கணக்கு:

வாலைக்காரன் செய்முறையைச் சொல்லிவிட்டார், நான் வரலாறு.

1815-இல் டொனால்ட், அலெக்சாண்டர் என்ற ஜான்ஸ்டன் சகோதரர்கள் தொடங்கியது. மாடு வளர்க்க வந்த விவசாயக் குடும்பம், மாட்டுத் தீவனத்துக்குப் போட்ட பார்லி மிஞ்சியதில் வடிக்க ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். 1847-இல் டொனால்ட் இறந்தது வடிசாலைக்குள்ளேயே, வடித்து மிஞ்சிய கொதி திரவம் இருந்த தொட்டியில் விழுந்து.

அடுத்த வீடு லாகவூலின் வடிசாலை, அதன் முதலாளி பீட்டர் மேக்கிதான் லஃப்ராய்க்குக்கு விற்பனை ஏஜன்ட். 1907-இல் அந்த ஒப்பந்தத்தை லஃப்ராய்க்காரர்கள் முடித்துக்கொண்டார்கள். மனுஷனுக்குக் கோபம். லஃப்ராய்க்குக்குப் போகிற ஓடையை அடைத்தார், கோர்ட் திறக்கச் சொன்னது. விடவில்லை, 1908-இல் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்று ஒரு குட்டி வடிசாலை கட்டி, லஃப்ராய்க் ஆளையே இழுத்து வந்து, அதே சுவையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அது 1960-களின் தொடக்கம் வரை ஓடி மூடிவிட்டது. இதில் வேடிக்கை, இன்று லஃப்ராய்க் தன் தரையில் முளைகட்டுவது தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது, மீதியில் பெரும்பகுதி நெடுங்காலம் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து வந்தது, அந்த ஆலை லாகவூலினின் இன்றைய முதலாளியான டியாஜியோ நிறுவனத்துடையது!

எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில், அந்த வாடையை வைத்தேதான். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு, ஆனால் டாக்டர் சீட்டு இருந்தால் விஸ்கி கிடைக்கும். குடும்பத்தின் கடைசி வாரிசான இயன் ஹன்டர், அயோடின் நெடி அடிக்கிற இதை மருந்து என்றே சொல்லி உள்ளே அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது. மோந்து பார்த்த சுங்கத்துறைக்காரர் மறுத்துப் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் பெஸ்ஸி வில்லியம்சன். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1934-இல் கோடை காலத்துக்கு மட்டும் டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தார். 1938-இல் ஹன்டருக்குப் பக்கவாதம் வந்த பிறகு பொறுப்பு ஒவ்வொன்றாக பெஸ்ஸி கைக்கு வந்தது, யுத்த காலத்தில் ராணுவம் இடத்தை எடுத்துக்கொண்டபோதும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஹன்டருக்குப் பிள்ளை இல்லை. 1954-இல் இறந்தபோது வடிசாலையை பெஸ்ஸி பெயருக்கே எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு பெண் வடிசாலையைச் சொந்தமாக வைத்து நடத்துவது சாதாரண விஷயமா? அமெரிக்கா முழுக்கப் போய் ஸ்காட்ச் விற்றவர். புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று 60-களில் பங்குகளைக் கட்டம் கட்டமாக விற்று, 1972-இல் ஓய்வு பெற்றார். அப்புறம் கை மாறி மாறி இப்போது ஜப்பானின் சன்டோரி நிறுவனத்தின் கையில்.

வடகடலோடி:

எல்லாம் சரி, கடலை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். லஃப்ராய்க்கின் ஒன்றாம் நம்பர் கிடங்கின் சுவரில் அலை அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பீப்பாய் மூச்சு விடும், வருஷத்துக்கு 2% ஆவியாகப் போகிறது. வெளியே போகிற வழியில் உள்ளே வராதா?

வாலைக்காரன்:

காற்று உள்ளே வரும், மறுக்கவில்லை. ஆனால் வாலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய, பீப்பாயையே பார்க்காத வடியில்தான் அந்த நெடி உச்சம். வருஷம் ஏற ஏறக் குறையும், 25 வருஷ லஃப்ராய்க் 10 வருஷத்தைவிட சாது. கடல் ஏற்றியதாக இருந்தால் நேர்மாறாக அல்லவா நடக்க வேண்டும்? அதே தீவின் கோல் ஈலா வடிசாலையில் வடிப்பதில் பெரும்பகுதி டேங்கர் லாரியில் பெருநிலத்துக்குப் போய் அங்கேதான் பீப்பாயில் கிடக்கிறது, புகை ஒன்றும் குறையவில்லை.

கோடம்பாக்கம் குமார்:

ஆஹா, இவ்வளவு இருக்கா. சரி, குடிக்கத் தீர்மானித்தால் தண்ணீரா, ஐஸா?

வாலைக்காரன்:

வாடை வேண்டாம் என்றால் ஐஸ், குளிர்ச்சியில் நெடி அடங்கும். தண்ணீர் விட்டால் சில சமயம் எதிர்விளைவு. 2017-இல் ஸ்வீடனில் இரண்டு வேதியியலாளர்கள் கம்ப்யூட்டரில் கணித்துப் பார்த்தார்கள்: தண்ணீர் கலக்காத பீப்பாய்ப் பலத்தில் குவயாகால் உள்ளேயே அமுங்கிக் கிடக்கும், தண்ணீர் சேர்த்து ஆல்கஹாலைக் குறைத்தால் மேல்பரப்புக்கு வந்து மூக்கைப் பிடிக்கும். பாட்டிலில் பாதிக்குக் கீழே போய்விட்டால் சில மாதத்தில் புகை தானாகவே மங்கும். லஃப்ராய்க் ரசிகர்கள் அதற்குள் முடித்துவிடச் சொல்வார்கள், உங்களுக்கு அது லாபம்தான்.