டைட்டிஸ்சிடே குடும்பத்துக்கு ‘முக்குளி வண்டு’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

டைட்டிஸ்சிடே என்ற, நீருக்குள் நீந்தி வாழும் வண்டுகளின் குடும்பத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்தப் பேச்சில் நீர்வண்டு, நீச்சல் வண்டு, மூழ்கு வண்டு, துடுப்புக்கால் வண்டு என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான் ‘முக்குளி வண்டு’ என்பதை முன்வைக்கிறேன். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் காதுக்கு இனிமையானதே ஜெயிக்கும். அதனால் ஓர் உண்மையான வண்டின் உடலைப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம்.

சைபிஸ்டர் ட்ரைபங்டேட்டஸ் என்ற இனத்தை எடுத்துக்கொள்கிறேன். 1795இல் ஒலிவியே என்ற பூச்சியியலாளர் விவரித்துப் பெயரிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை குளம், குட்டை, நெல்வயல் எங்கும் உண்டு. இரவில் விளக்கு வெளிச்சத்துக்குப் பறந்து வந்து சுவரோரம் விழுந்து கிடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

நீளம் சுமார் இரண்டரை செ.மீ. உடல் முட்டை வடிவம், ஆனால் நடுவைத் தாண்டிப் பின்பக்கம் சற்று அகன்றது. மேலும் கீழும் வழவழப்பான புடைப்பு. தலை, மார்பு, சிறகு என்று தனித்தனியாகத் துருத்தாமல் ஒரே கோடாக ஓடுகிறது. மேல்பக்கம் கரும்பச்சை, சிலவற்றில் ஏறக்குறைய கறுப்பு. முன்மார்பின் இரு ஓரங்களிலும், முதுகை மூடும் கடினமான முன்சிறகான உறைச்சிறகின் வெளியோரத்திலும் மஞ்சள் பட்டை ஓடும். உணர்கொம்பு நூல் மாதிரி மெலிந்தது. பின்கால்கள் தட்டையாகி, ஓரமெல்லாம் நீச்சல் மயிர் வரிசை கொண்டவை. நீந்தும்போது இரண்டு பின்கால்களையும் ஒரே நேரத்தில் உதைக்கும்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். ‘நீர்வண்டு என்பதே போதும், மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்’ என்று எழுதிய ஐயாவுக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. அதே குட்டையில் ஹைட்ரோஃபிலிடே குடும்பத்து வண்டுகளும் இருக்கும். அளவும் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அவை இடதும் வலதுமாகக் கால்களை மாற்றி மாற்றி அடிக்கும். உணர்கொம்பு குட்டையானது, நுனி தடித்தது. காற்று எடுக்கத் தலையை மேலே கொண்டுவந்து உணர்கொம்பால் நீர்ப்பரப்பைத் தொடும். அந்தக் காற்று வயிற்றுப்புறம் படலமாகப் பரவி வெள்ளிபோல மின்னும். நீரின் மேல் வட்டமிடும் கைரினிடே வண்டுகள் இன்னொரு குடும்பம். நீருக்கு மேலே பார்க்க ஒரு ஜோடி, கீழே பார்க்க ஒரு ஜோடி என அவற்றின் கண்கள் பிரிந்திருக்கும். இவை எல்லாமே நீர்வண்டுகள்தாம். நீரில் வாழும் வண்டுகள் அனைத்துக்கும் ‘நீர்வண்டு’ பொதுச்சொல்லாக இருக்கட்டும், அதை ஒரு குடும்பத்துக்குச் சுருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ‘நீச்சல் வண்டு’க்கும் இதே குறைதான்.

‘துடுப்புக்கால் வண்டு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். இருந்தாலும் அது ஓர் உறுப்பின் பெயராக நின்றால்தான் அதிகம் பயன்படும். கோப்பிப்பொடா என்ற நுண்ணிய ஓட்டுடலிகளின் (நண்டு, இறால் வகை உயிர்கள்) பெயருக்கே கிரேக்கத்தில் துடுப்புக்கால் என்றுதான் பொருள். நாளை அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடும்போது இந்தச் சொல் தேவைப்படலாம். நம் வண்டின் பின்காலை ‘துடுப்புக்கால்’ என்றே விவரிப்போம், குடும்பத்துக்கு வேறு பெயர் வைப்போம்.

இனி ‘மூழ்கு வண்டு’. மூழ்குவது என்றால் கீழே போவது, பெரும்பாலும் திரும்பாமல் போவது. கப்பல் மூழ்கும், பயிர் மூழ்கும். இந்த வண்டு அப்படி மூழ்குவதே இல்லை. உறைச்சிறகுக்கும் முதுகுக்கும் இடையே அது காற்றைச் சேமித்து வைத்திருக்கிறது. மூச்சுத்துளைகள் அந்த அறைக்குள்தான் திறக்கின்றன. அந்தக் காற்றினால் வண்டு பெரும்பாலும் நீரைவிட இலேசாக இருக்கும். சும்மா இருந்தால் மேலே மிதந்து வந்துவிடும். அதனால் கீழே போக உதைத்து நீந்த வேண்டும், கீழேயே தங்கச் செடியையோ வேரையோ பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று குறைந்ததும் பிடியை விட்டு மேலே வரும். தலை கீழே தொங்க, வயிற்றின் பின்நுனியை மட்டும் நீர்ப்பரப்பில் நீட்டிப் புதுக்காற்றை நிரப்பிக்கொண்டு மறுபடி இறங்கும். சில நேரம் பின்நுனியில் ஒரு குமிழ் ஒட்டியிருக்கும். குமிழுக்குள் ஆக்சிஜன் குறையக் குறைய, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் உள்ளே வரும். பெரிய உடலுக்கு அது போதாது. வெப்பமண்டலக் குட்டையின் சூடான நீரில் கரைந்த ஆக்சிஜனும் குறைவு, வண்டின் தேவையோ அதிகம். எனவே அடிக்கடி மேலே வந்தே ஆக வேண்டும்.

இறங்குவது, இருப்பது, காற்றுக்கு ஏறுவது, மறுபடி இறங்குவது. இந்த முழுச் சுற்றையும் சொல்லத் தமிழில் ‘முக்குளித்தல்’ என்ற சொல் இருக்கிறது. மூச்சடக்கிப் போய் மூச்சுக்குத் திரும்புவது என்ற பொருள் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. டைட்டிஸ்கஸ் என்று 1758இல் லின்னேயஸ் வைத்த பேரினப் பெயரின் கிரேக்க வேரும் முக்குளிக்க வல்லது என்பதுதான்.

‘முக்குளிப்பான் ஒரு பறவையாயிற்றே, குழப்பம் வராதா’ என்று கேட்ட அக்காவுக்கு: கேள்வி நியாயமானது. அதனால்தான் முக்குளிப்பான் வண்டு என்று நீட்டாமல் ‘முக்குளி’ என்ற வினையடியை மட்டும் எடுத்திருக்கிறேன். பின்னால் வண்டு என்ற சொல் கட்டாயம் நிற்கும். அதே குளத்தில் அதே வேலையைச் செய்யும் இரண்டு உயிர்களின் பெயரில் ஒரே வேர் இருப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை.

அப்புறம் இனப்பெயர். ட்ரைபங்டேட்டஸ் என்றால் முப்புள்ளி. வண்டைக் கையில் எடுத்து மூன்று புள்ளிகளைத் தேடினால் கிடைக்காது. உருப்பெருக்கியில் பார்த்தால் உறைச்சிறகில் நுண்குழிகள் வரிசையாகத் தெரியும், அவ்வளவுதான். அதனால் ‘மஞ்சள்விளிம்பு முக்குளி வண்டு’ என்று வைக்கலாம் என எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இதைவிடப் பெரிய உறவினமான சைபிஸ்டர் லிம்பேட்டஸுக்கும் மஞ்சள் விளிம்பு உண்டு. லிம்பேட்டஸ் என்ற சொல்லே விளிம்புடையது என்று பொருள்படும். அந்தப் பெயரை ஃபாப்ரிசியஸ் 1775இலேயே வைத்துவிட்டார். விளிம்பு அதற்குப் போகட்டும், நம்முடையது ‘முப்புள்ளி முக்குளி வண்டு’ ஆகட்டும். ஆப்பிரிக்க, ஆசிய வடிவங்களைத் தனித்தனித் துணையினங்களாகப் பிரித்தவர்களும் உண்டு என்பதால், நிறத்தை வைத்துப் பெயரிடாமல் இருப்பதே பாதுகாப்பு.

வகைப்பாட்டில் இதன் இடம் இது: வண்டுகளின் வரிசையில் அடிஃபேகா துணைவரிசை, டைட்டிஸ்சிடே குடும்பம், 1827இல் கர்ட்டிஸ் அமைத்த சைபிஸ்டர் பேரினம். அடிஃபேகாவின் அடையாளம் வயிற்றுப்புறத்தில் இருக்கிறது. பின்காலின் அடிக்கணு மார்போடு அசையாமல் ஒட்டி, வயிற்றின் முதல் தட்டை இரண்டாகப் பிளந்து நிற்கும். படம் போடும்போது வண்டைக் கவிழ்த்தும் ஒரு படம் வேண்டும், இல்லாவிட்டால் மாணவர்களுக்கு இது புரியாது. வரிசை, பேரினம் என்று நான் எழுதுவது தமிழ்நாட்டு வழக்கு. இலங்கைப் பாடநூல்களில் இவை வருணம், சாதி என வரும். பதிவில் இரண்டையும் கொடுத்துவிட வேண்டும்.

ஆணின் முன்பாதத்துக்கும் ஒரு சொல் தேவை. அதன் முதல் மூன்று கணுக்கள் விரிந்து ஒரு தட்டாகி, அடியில் உறிஞ்சு கிண்ணங்களைக் கொண்டிருக்கின்றன. புணரும்போது பெண்ணின் வழவழப்பான முதுகைப் பற்றிக்கொள்ள இது உதவுகிறது. டைட்டிஸ்கஸ் பேரினத்தில் பல பெண் வண்டுகளின் உறைச்சிறகில் நீளப் பள்ளங்கள் இருப்பதையும் ஆணின் இந்தப் பாதத்தையும் சேர்த்து டார்வின் 1871இல் எழுதியிருக்கிறார். பள்ளங்கள் ஆணின் பிடிக்கு உதவுகின்றன என்று அவர் கருதினார். பிற்கால ஆய்வாளர்கள் பலர் அவை பிடியைத் தளர்த்தவே உருவானவை என்கிறார்கள். எப்படி இருந்தாலும் உறுப்பு ஒன்றுதான். ‘உறிஞ்சுபாதம்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். கிண்ணங்கள்தாம் உறிஞ்சுகின்றன, பாதம் முழுவதும் அல்ல. எனவே பாதத்தை ‘பற்றுபாதம்’ என்றும் கிண்ணத்தை ‘உறிஞ்சு கிண்ணம்’ என்றும் பிரிக்கலாம்.

சொற்கள் வாக்கியத்தில் நடக்கின்றனவா என்று இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘முப்புள்ளி முக்குளி வண்டின் ஆணுக்குப் பற்றுபாதம் உண்டு. இரு பாலிலும் பின்கால் துடுப்புக்காலாக மாறியுள்ளது. உறைச்சிறகின் அடியில் காற்றறை அமைந்துள்ளது.’ எனக்குத் தட்டாமல் போகிறது.

இளம்பருவத்துக்கு மட்டும் இன்னும் முடிவில்லை. நீண்ட உடல், அரிவாள்போல வளைந்த தாடைகள். தாடைக்குள் ஓடும் குழாய் வழியாகச் செரிப்பு நீரை இரையின் உடலுக்குள் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும். தலைப்பிரட்டையையும் சிறு மீனையும் விடாது. ‘நீர்ப்புலி’ என்ற சொல் ஏற்கெனவே வந்திருக்கிறது. பாலூட்டி ஒன்றின் பெயர் என்று நினைக்க இடம் தருவதால் நான் ‘முக்குளிப் புழு’ என்கிறேன். வயல்புறத்தில் வளர்ந்தவர்கள் யாருக்காவது இந்தப் புழுவுக்கு ஊர்வழக்குப் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். அது கிடைத்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே பதியலாம்.