ரிமோட் டவர்: ‘சேண்காண் கோபுரம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் வேலையைத் தொலைவிலுள்ள ஓர் அறையிலிருந்து, கேமராவும் திரையும் கொண்டு செய்யும் ஏற்பாடே ரிமோட் டவர். அதற்குத் தமிழில் ‘தொலைக் கோபுரம்’ என்று நம் குழுவில் ஐயா முன்மொழிந்திருந்தார்கள். சுருக்கமான சொல்தான், ஆனாலும் மறுக்கிறேன். ‘தொலை’யும் ‘கோபுர’மும் சேர்ந்து வந்தால் தொலைத்தொடர்புக் கோபுரம்தான் நம் நினைவுக்கு வரும், ஊர்தோறும் நிற்கிறதே, அது. அடுத்து ஒரு நண்பர் தந்த ‘தொலைக்கட்டுப்பாட்டுக் கோபுரம்’ இன்னும் வழிதவறச் செய்கிறது. விமானத்தையே யாரோ எங்கிருந்தோ ஓட்டுவதாக வாசகர் எண்ணிவிடுவார்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். லண்டன் சிட்டி விமான நிலையத்தில் 2021இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் இருக்கை இடம் மாறியது. அங்கே இப்போது 50 மீட்டர் உயரமுள்ள கம்பம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் 16 கேமராக்கள். அவை காண்பதை 100 கிலோமீட்டருக்கும் அப்பால், ஸ்வான்விக் கட்டுப்பாட்டு மையத்தில், வளைவாக நிறுத்திய 14 திரைகளில் பார்த்து அனுமதி தருகிறார்கள். ஒரு தடம் அறுந்தாலும் படம் நிற்காதபடி மூன்று தனித்தனி இழைவட (ஃபைபர் கேபிள்) தடங்கள். திரையில் நகரும் விமானத்தின் பக்கத்திலேயே அதன் அழைப்புப் பெயர் தெரியும். ஓடுபாதையின் இரைச்சலும் ஒலிவாங்கி வழியே வந்து சேரும். லென்ஸின் முன்கண்ணாடியில் பூச்சியோ தூசியோ படிந்தால் தானே நீக்கிக்கொள்ளும் அமைப்பும் உண்டு. கோபுரச் சன்னலைத் துடைக்கும் வேலைகூடக் கம்பத்துக்குப் போய்விட்டது!

இதில் தொலைவுக்குப் போனது எது? கட்டுப்பாடு என்று சொல்ல மாட்டேன். நடுவானில் பறக்கும் விமானங்களை ராடாரையும் ரேடியோவையும் கொண்டு நெடுந்தொலைவிலிருந்து நெறிப்படுத்துவது பழைய வழக்கம். அதை யாரும் ரிமோட் என்பதில்லை. கோபுரம் ஒன்றுதான் கண்ணை நம்பி நின்ற இடம். ஓடுபாதைக்குள் நாய் நுழைந்துவிட்டதா, வண்டி விலகிவிட்டதா, இறங்க வரும் விமானத்தின் சக்கரம் வெளியே வந்திருக்கிறதா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பார்வைதான் தொலைவுக்குப் போயிருக்கிறது. ஆகவே ‘காண்’ என்ற வினை இல்லாத எந்தச் சொல்லும் இதற்குப் போதாது என்பதே என் வாதம்.

‘தொலை’க்கு மாற்றாகச் ‘சேண்’ வைக்கலாம். சேண் என்றால் தூரம்; உயரம் என்றும் பொருள். பரண்மீது அமர்ந்து தினைப்புனம் காத்தவனைச் சங்கப் பாடல் சேணோன் என்கிறது. உயரத்தில் இருந்து காவல் பார்ப்பவனுக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருந்திருக்கிறது! வழக்கொழிந்த சொல் என்று சிலர் தயங்கக்கூடும். சேய்மைச்சுட்டு படித்த பிள்ளைக்குச் சேண் அந்நியமாகாது.

எனவே, சேண்காண் கோபுரம். ‘காண் கோபுரம்’ வினைத்தொகை, ஆதலால் இடையில் ஒற்று வேண்டாம்.

டிஜிட்டல் டவர் என்பதன் தமிழாகிய ‘எண்மக் கோபுரம்’ வேறு பொருளுக்கு இருக்கட்டும். அதே விமான நிலையத்தில், சன்னலில்லாத அறையில் அமர்ந்து திரை வழியே பார்ப்பதும் எண்மம்தான். அங்கே சேய்மை இல்லை.

கட்டுப்பாட்டாளர் அமரும் இடம் சேண்காண் மையம். சுவீடனின் எர்ன்ஷோல்ட்ஸ்விக் விமான நிலையத்தை 2015 முதல் கவனித்த சுண்ட்ஸ்வால் மையமும், 2018 முதல் ஜெர்மனியின் சார்புரூக்கன் விமான நிலையத்தைக் கவனிக்கும் லைப்சிக் மையமும் இந்தப் பெயருக்குள் அடங்கும். கட்டுப்பாட்டாளருக்குப் புதுப்பெயர் வேண்டவே வேண்டாம். அவர் தரும் அனுமதியும் ஏற்கும் பொறுப்பும் மாறவில்லை.

மிஞ்சுவது ஒன்று. லண்டன் கம்பத்தின் 16 கேமராக்களில் 14 அசையாமல் நிற்பவை. மற்ற இரண்டும் திரும்பும், குனியும், நிமிரும், காட்சியைப் பெரிதாக்கும். முன்பு கட்டுப்பாட்டாளர் கையில் இருந்த பைனாக்குலரின் வேலை அவற்றுக்கு. ‘சுழல்விழிக் கேமரா’ என்று எழுதிப் பார்த்தேன். பெரிதாக்கும் குணம் அதில் வரவில்லை. ஐயா அவர்களிடம் இதைவிடப் பொருந்தும் சொல் இருந்தால் தர வேண்டுகிறேன்.