எலுமிச்சைக் கொழுந்துல வெள்ளிக் கோடு: உப்புக் காத்தா, பூச்சியா?

தேவிபட்டினம் கொல்லை:
ஒட்டு எலுமிச்சை வச்சிருக்கேன். மழைக்கப்புறம் விட்ட கொழுந்து முழுக்க நத்தை ஊர்ந்தாப்ல வெள்ளிக் கோடு, இலை சுருண்டு போச்சு. பழைய இலைக்கு ஒண்ணுமில்ல. மாமியார் கடல் காத்து உப்புன்னு தினமும் தண்ணி பீச்சுறாங்க. என்ன செய்ய?

தொண்டிக்காரர்:
உப்புன்னா இலை நுனியும் ஓரமும் கருகும்மா, கோடு விழாது. இது இலைத் துளைப்பான், இலைத் தோலுக்குள்ள புகுந்து தின்னுற புழு. ஒரு இலையைப் பறிச்சு வெயிலுக்கு நேரா பிடிங்க. கோட்டு நடுவுல கருப்பா நூல் மாதிரி ஓடுறது புழுவோட எச்சம். அகலமான முனையில மஞ்சப் பச்சையா புழு கிடக்கும். கடைசியில இலை ஓரத்தை மடிச்சு அதுக்குள்ளயே கூட்டுப்புழு ஆயிரும். அதுல இருந்து வர்ற அந்துப்பூச்சி றெக்கை விரிச்சாலே சுமார் 4 மில்லிமீட்டர்தான், நுனியில ஒரு கரும்புள்ளி. 1856-ல ஸ்டெயின்டன்னு ஒரு இங்கிலாந்து பூச்சி ஆய்வாளர் இதுக்குப் பேர் வச்சதே கல்கத்தாப் பூச்சிய வச்சுத்தான்.

கீழக்கரை மாடி:
ஐரோப்பாவுல ஓக் இலையிலயும் இப்படி ஒரு அந்து இருக்காமே?

தொண்டிக்காரர்:
இருக்கு. அது வேற சாதி, கோடில்லாம வெள்ளைத் திட்டா தின்னும். எலுமிச்சைக்கு வராது.

கொல்லைக்காரம்மா, முத்தின இலையில உங்க எலுமிச்சைப் பூச்சி முட்டை வைக்காது, அதான் பழசு தப்பிச்சுது. கொழுந்து விடுறப்ப லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமா அடிங்க. யூரியா அள்ளிப் போட்டா கொழுந்துதான் பெருகும், பூச்சிக்கு விருந்து. சுருண்ட இலையக் கிள்ளாதீங்க. பச்சை இருக்கிறவரை மரத்துக்கு அதுவும் சோறு போடும், புழுவைக் கொல்லுற குட்டிக் குளவியும் அதுக்குள்ள வளரும்.