கேரம்: காயை அடித்த பிறகும் ஸ்ட்ரைக்கர் ஏன் நிற்பதில்லை?

மூலைக்காய்:
பாக்கெட்டுக்கு நேராக இருக்கும் காயை நேராக அடித்தால் காய் விழுகிறது, பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் போய் விழுந்து எனக்கு ஃபைன். ஆனால் ஒரு காய் போய் இன்னொரு காயை நேராக முட்டினால் முட்டிய காய் அநேகமாக அங்கேயே நின்றுவிடுகிறது. உந்தம் (எடை × வேகம்) மாறாது என்றால் இரண்டும் ஒரே மாதிரி நடக்க வேண்டாமா? இன்னொன்று, தரையில் கிடக்கும் ஸ்கேலை நுனியில் சுண்டினால் சுற்றுவதிலேயே விசை செலவாகி முன்னால் குறைவாகத்தான் போகும் என்கிறான் தம்பி. நான் இல்லை என்கிறேன். பந்தயம் ஒரு பிளேட் பஜ்ஜி.

பிளஸ்டூ வாத்தியார்:
எடைதான் விஷயம். ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், காய் 5 கிராம் சொச்சம்தான். ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள், உந்தம் 15 × 2 = 30. மீட்சி மோதல் (அதாவது இயக்க ஆற்றல் வீணாகாத மோதல்) என்றால் அடித்த பிறகு ஸ்ட்ரைக்கருக்கு 1 மீட்டர் வேகம், காய்க்கு 3 மீட்டர். 15 + 15, மறுபடி 30. இயக்க ஆற்றலையும் போட்டுப் பாருங்கள், அதுவும் ஒத்துவரும். பாதி வேகம் கையில் வைத்திருக்கும் ஸ்ட்ரைக்கர் பாக்கெட் வரை போகாமல் என்ன செய்யும்? சம எடை என்றால் மட்டும்தான் வேகம் முழுக்கக் கைமாறும், அதனால்தான் காய் நிற்கிறது.

பவுடர் டப்பா:
கணக்கு சரி சார், ஆனால் நிஜக் காய் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. "டொக்" என்று சத்தம் வருகிறதே, அதுவே ஆற்றல் கொஞ்சம் போய்விட்டது என்பதற்குச் சாட்சி. அதனால் முட்டிய காய் ஒரு துளி நகர்ந்துதான் நிற்கும்.
ஃபைனுக்கு என் யோசனை: நேராக அடிக்காமல் லேசாக ஓரத்தில் அடிங்க. ஆனால் ரொம்ப எதிர்பார்க்காதீங்க, உரசலை விட்டுவிட்டால் 15க்கு 5 என்ற எடையில் ஸ்ட்ரைக்கர் தன் பாதையிலிருந்து 20 டிகிரிகூட விலகாது. எத்தனை ஓரமாக அடித்தாலும்! சம எடைக் காய்களோ ஓர மோதலில் கிட்டத்தட்ட செங்கோணத்தில் பிரியும்.

பிளஸ்டூ வாத்தியார்:
ஸ்கேல் கேள்வியை விட்டுவிட்டேன். கணத்தாக்கு (அதாவது விசையையும் அது பட்ட நேரத்தையும் பெருக்கினால் வருவது) ஒன்றேதான் என்றால் நடுவில் சுண்டினாலும் நுனியில் சுண்டினாலும் நிறை மையம் (ஸ்கேலின் நடுப்புள்ளி) ஒரே வேகத்தில்தான் போகும். நுனியில் என்றால் சுழற்சி கூடுதலாகக் கிடைக்கும், அதுவும் முன்னால் போகும் ஆற்றலைப்போல் 3 மடங்கு. இலவசம் இல்லை, விரல் படும் நுனி 4 மடங்கு வேகமாக விலகி ஓடுவதால் விரல் அதிக தூரம் தள்ளுகிறது, அதிக வேலை செய்கிறது.

மூலைக்காய்:
அப்போ பஜ்ஜி எனக்கு!

பவுடர் டப்பா:
அவசரப்படாதீங்க ப்ரோ. நுனி விலகி ஓடுவதால் விரலுக்கு அது கால்வாசி எடை மாதிரிதான் தெரியும், ஒரே மாதிரி சுண்டினாலும் கணத்தாக்கு குறைவாகத்தான் போய்ச் சேரும். சூத்திரத்தில் நீங்க சரி, தரையில் உங்க தம்பி சரி.

மூலைக்காய்:
சுண்டிப் பார்த்தாச்சு. அவன் ஸ்கேல்தான் சுத்திச் சுத்தி அங்கேயே கிடக்குது. ஆளுக்குப் பாதி பிளேட்.