புதுப்பிப்பு: கேரவன் பின்கேமராவில் படம் விட்டுவிட்டு வந்தால்

காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் வீட்டு வண்டியான கேரவனின் பக்க விளக்கு வயரிலிருந்தே கேமராவுக்குக் கரண்ட் எடுக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். டர்பனிலிருந்து ஒரு தம்பி, விளக்கைப் போட்டும் படம் நின்று நின்று வருகிறது என்கிறார்.

விளக்கு எரியும்போது கேமரா முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதல் சந்தேகம் காரையும் கேரவனையும் இணைக்கும் ஏழு பின் பிளக்கின் எர்த் மேல்தான்: 3ஆம் பின், வெள்ளை வயர். கடற்கரை ஊர் உப்புக்காற்றில் அது சீக்கிரம் பச்சை பூத்துவிடும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, உள்ளே இருக்கும் ஸ்க்ரூவையும் இறுக்குங்கள்.

பிளக் சுத்தமாக இருந்தும் படம் துடிக்கிறதா? புது வண்டிகள் சில, விளக்குக்குக் கரண்ட்டைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும். பல்பு அதைப் பொறுத்துக்கொள்ளும், கேமரா பொறுக்காது. கேரவன் பேட்டரியிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு சுவிட்ச் வைத்துத் தனி வயர் இழுப்பதே நிரந்தர வழி. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வயர்லெஸ் கேமரா என்றால் அலுமினிய உடம்பு சிக்னலை மறைக்கும். ஆன்டெனாவை நீட்டிப்பு வயரால் கேரவனின் முன்பக்கம் கொண்டுவாருங்கள். டர்பன்–ஜோஹனஸ்பர்க் சாலையிலுள்ள வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்கு நடுவே படம் போனால் கண்ணாடிகள்தான் துணை, ஆகவே கேரவன் இழுக்கும்போது பின்னால் பார்க்கக் காரில் கூடுதலாக மாட்டும் டோயிங் மிரரைக் கழற்றிவிடாதீர்கள்.